தடம் படித்தவர்களும் முகம் படித்தவர்களும்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், பாலைவனச் செம்மண்ணில் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது உலுரு. வெள்ளைக்காரர்கள் வைத்த எயர்ஸ் ராக் என்ற பெயர்தான் 1980-ல் பரவலாக வழக்கில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணி இருக்கும். பாறைக்குப் பக்கத்து முகாமில் சுற்றுலா வந்தவர்கள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுரங்க நகரமான மவுண்ட் ஐசாவிலிருந்து காரில் வந்திருந்த சேம்பர்லெய்ன் குடும்பமும் அங்கே இருந்தது. கணவர் மைக்கேல், செவந்த்-டே அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். மனைவி லிண்டி. ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பையன்கள். அசாரியா என்ற பெண் குழந்தை, பிறந்து ஒன்பது வாரம்.

லிண்டி குழந்தையைக் கூடாரத்தில் தூங்க வைத்தார். பசிக்கிறது என்ற மூத்தவனுக்காகக் காரிலிருந்து ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் கூடாரத்திலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. மைக்கேலுக்குக் கேட்டது, பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கும் கேட்டது. லிண்டி பார்க்கப் போனார். ஒரு டிங்கோ, அந்த நாட்டுக் காட்டுநாய், தலையை உலுக்கியபடி கூடாரத்திலிருந்து வெளியே வந்து இருட்டில் மறைந்தது. குழந்தை படுத்திருந்த கூடை காலி. டிங்கோ என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவர் அலறிய அலறலில் முகாமே திரண்டது. முந்நூறு பேர் வரை டார்ச் விளக்கோடு வரிசை கட்டி விடிய விடியத் தேடினார்கள்.

குழந்தை கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, குழந்தையைக் கழுத்தறுத்துக் கொன்றவள் என்று லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது தவறான தீர்ப்பு என்று நீதிமன்றம் சொல்ல, சம்பவம் நடந்து எட்டு ஆண்டு ஆனது. குழந்தையைக் கொண்டுபோனது டிங்கோதான் என்று அரசுப் பதிவேட்டில் ஏற 32 ஆண்டு ஆனது.

இந்த வழக்கைத் தடயவியலின் தோல்வி என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் ஆய்வகத்துக்கு ரத்தச் சோதனை போவதற்கு வெகு முன்பே நாட்டில் பெரும்பாலானோர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம் லிண்டியின் முகம். அந்த முகத்தை எப்படிப் படித்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

மணலில் இருந்தது

அன்றிரவே கூடாரத்தைச் சுற்றி மணலில் டிங்கோவின் காலடித் தடங்கள் தெரிந்தன. கூடவே எதையோ இழுத்துச் சென்ற கோடு. ஓரிடத்தில் அந்தச் சுமையைக் கீழே வைத்து மறுபடி தூக்கியிருக்கிறது. வைத்த இடத்தில் பின்னல் துணியின் நெசவு மணலில் பதிந்திருந்தது. இதைப் பார்த்தவர்களில் தேடப்போன சுற்றுலாப் பயணியும் உண்டு, அங்குள்ள தேசியப் பூங்காவின் தலைமைக் காவலரும் (ரேஞ்சர்) உண்டு, அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான அனங்கு மக்களில் தடம் பார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. சும்மா போகும் விலங்கின் தடத்துக்கும் பாரம் தூக்கிப் போகும் விலங்கின் தடத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். பாரத்தோடு போன டிங்கோ என்றார்கள்.

தலைமைக் காவலர் அதற்கு முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார்: இங்கே டிங்கோக்களுக்கு மனிதப் பயம் விட்டுப்போய்விட்டது, ஏதாவது செய்யுங்கள் என்று. சில வாரங்களுக்கு முன் ஒரு டிங்கோ, காரில் இருந்த மூன்று வயதுச் சிறுமியை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. ஆனால் சிட்னியிலும் மெல்போர்னிலும் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு டிங்கோ என்றால் கூச்சப்படும் ஒரு சின்ன நாய். அது குழந்தையைத் தூக்கும் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, பாறையின் அடிவாரத்தில் ஒரு சுற்றுலாப் பயணியின் கண்ணில் குழந்தையின் உடுப்பு பட்டது. ரத்தக் கறை இருந்தது, ஆனால் கிழிந்து கந்தலாகியிருக்கவில்லை. குழந்தை மேலே ஒரு சின்ன மேல்சட்டை போட்டிருந்தாள் என்றார் லிண்டி. அதைக் காணவில்லை. அப்படி ஒரு சட்டையே கிடையாது, கதை விடுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. இந்தச் சட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழாத தாய்

சம்பவம் நடந்து சில நாட்களிலேயே லிண்டியும் மைக்கேலும் கேமராவுக்கு முன்னால் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எப்படி இருப்பாள் என்று பார்ப்பவர்கள் மனதில் ஒரு படம் இருந்தது: கண் வீங்கியிருக்கும், வார்த்தை வராது, பாதிப் பேச்சில் உடைந்துபோவாள். திரையில் வந்த பெண்ணோ நேராகப் பார்த்தார், முழு வாக்கியங்களில் பேசினார், டிங்கோ என்ன செய்திருக்கும் என்பதைக்கூட நிதானமாக விளக்கினார். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒழுங்காக உடுத்தியிருந்தார். பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஒவ்வொரு நாளும் என்ன உடை என்பதே செய்தியானது.

அவருடைய நம்பிக்கையும் இதில் சேர்ந்துகொண்டது. இறந்தவர்கள் உறங்குகிறார்கள், கிறிஸ்து திரும்பி வரும் நாளில் எழுந்து வருவார்கள் என்பது அட்வென்டிஸ்ட்களின் விசுவாசம். மகளை மறுபடி பார்ப்போம் என்று ஒரு போதகர் குடும்பம் சொல்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வீட்டில் அமர்ந்து செய்தி பார்த்தவருக்கு அது கல்மனசாகப் பட்டது. அந்தச் சபையைப் பற்றி அதிகம் தெரியாத நாட்டில் கட்டுக்கதைகள் தாமாகவே முளைத்தன. அசாரியா என்ற பெயருக்கு வனாந்தரத்தில் பலி என்று அர்த்தமாம். உண்மையில் கடவுள் துணைநின்றார் என்ற பொருள் தரும் எபிரேயப் பெயர் அது. குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டார்களாம். ஆமாம், சிவப்பு ரிப்பன் வைத்த ஒரு கறுப்புச் சட்டை இருந்தது; இன்று கான்பெர்ராவில் தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. கறுப்பு பிடித்த அம்மா, அவ்வளவுதான் கதை.

சிரித்தால் பிள்ளை செத்ததை அலட்சியமாக நினைக்கிறாள் என்றார்கள், அழுதால் நடிக்கிறாள் என்றார்கள் என்று லிண்டியே பின்னால் சொல்லியிருக்கிறார். மைக்கேலும் அமைதியாகத்தான் பேசினார். சொல்லப்போனால், செய்தித்தாள் ஒன்று கேட்டதற்காகக் கேமராவைத் தூக்கிப் படம்கூட எடுத்துக் கொடுத்தார். அவர் மேலும் சந்தேகம் விழுந்தது, ஆனால் மனைவி மேல் விழுந்ததில் பாதிகூட இல்லை. தகப்பன் அடக்கமாக இருந்தால் திடமான மனுஷன், தாய் அடக்கமாக இருந்தால் ராட்சசி. இந்தக் கணக்கு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதல்ல.

இங்கே நம் ஊர் எழவு வீட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க, இறந்தவருக்கு ரொம்ப நெருங்கிய பெண் ஒருத்தி மட்டும் சுவரில் சாய்ந்து கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பாள். கூட்டத்தில் இருக்கும் கிழவிகள் அவளைப் பார்த்து, துக்கமே இல்லை பார் என்று சொல்வதில்லை. “இவளை யாராவது அழ வையுங்கப்பா, நெஞ்சு அடைச்சுக்கப் போகுது” என்பார்கள். தோளைப் பிடித்து உலுக்குவார்கள். எத்தனையோ சாவு பார்த்தவர்கள். அசையாத முகத்துக்குள் என்ன இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, அந்தச் சாவு வீட்டுக்குப் போகாத ஒருத்தி வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பாள் என்பதும் உண்மை.

உலுருவிலும் இதே பிளவைப் பார்க்கலாம். அன்றிரவு லிண்டியை நேரில் பார்த்தவர்கள், அந்த அலறலைக் கேட்டவர்கள், கூடாரத்துக்கு ஓடி வந்தவர்கள், அவரைத் தேற்றியவர்கள், யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண் கடைசிவரை ஒரே சாட்சியைச் சொன்னார்: லிண்டி அடுப்புக்குத் திரும்பிய பிறகுதான் குழந்தையின் அழுகையைக் கேட்டேன். அரசுத் தரப்புக் கதைப்படி அந்த நேரத்தில் குழந்தை ஏற்கெனவே இறந்திருக்க வேண்டும். பத்து மீட்டரில் நின்று பார்த்தவர்கள் நம்பினார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்ட முகத்தைப் பார்த்தவர்கள் நம்பவில்லை.

நொடியில் பத்தில் ஒரு பங்கு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்வதை எல்லா மொழிக்காரர்களும் ஏதோ ஒரு விதத்தில் சொல்கிறார்கள். உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் அந்தப் பழமொழிக்குச் சாதகமாக இல்லை.

2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானைன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடரோவும் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அதற்குள் இவர் நம்பத்தக்கவர், இவர் முரடர் என்று பார்த்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நேர வரம்பே இல்லாமல் நிதானமாகப் பார்த்தவர்களும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். கூடுதல் நேரம் கிடைத்தபோது முக்கியமாக மாறியது இது: தங்கள் கணிப்பின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை கூடியது. லிண்டியின் முகத்தை ஆஸ்திரேலியா இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் படித்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, முகத்தையும் பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா? சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளை 2006-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 24,483 பேர். பொய்யா மெய்யா என்பதை அவர்கள் சரியாகச் சொன்னது 100-க்கு 54 முறை. காசைச் சுண்டிப் போட்டால் 50. போலீஸ்காரர், நீதிபதி போன்ற அனுபவஸ்தர்களும் பெரிதாக மேலே போகவில்லை.

முகத்தின் வாகு வேறு ஒரு தொல்லை. வாயின் ஓரம் இயல்பிலேயே தாழ்ந்து, புருவம் கண்ணோடு நெருங்கி இருந்தால், எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அந்த முகம் கோபமாகத் தெரியும். கோபமாகத் தெரிவதை நம்பகமற்றது என்று நம் மூளை எடுத்துக்கொள்ளும். லிண்டியின் பழைய புகைப்படங்களைப் பார்க்கிறேன். கறுத்த அடர்ந்த முடி, பாலைவன வெளிச்சத்தில் சுருங்கிய கண், இறுகிய உதடு. பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் போட்டது இந்த மாதிரிப் படங்களைத்தான் என்பது என் எண்ணம்.

2015-ல் ஜான் பால் வில்சனும் நிக்கோலஸ் ரூலும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் படங்களை, யார் என்று சொல்லாமல், பொதுமக்களிடம் காட்டினார்கள். நம்பத்தகாத முகம் என்று மதிப்பிடப்பட்டவர்கள் ஆயுள் தண்டனையை விட மரண தண்டனை பெற்றவர்களாக இருக்க வாய்ப்பு அதிகமாக இருந்தது. கொலைகாரன் முகம் அப்படித்தானே இருக்கும் என்று யாராவது சொல்லலாம். அதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள்: தண்டனை பெற்றுப் பின்னால் நிரபராதி என்று விடுதலையானவர்களின் முகங்களிலும் அதே போக்கு தெரிந்தது.

சினிமாக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை ஒன்று உண்டு. மோஸ்ஜுகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகம், அடுத்து ஒரு கிண்ணம் சூப். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. அதே முகம், அடுத்து ஒரு பெண். பார்த்தவர்கள் பசியையும் துயரத்தையும் ஆசையையும் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார் என்று வியந்தார்களாம். முகம் மாறவே இல்லை. லிண்டியின் முகத்துக்கு அடுத்த படமாக ஆஸ்திரேலிய டிவி எதை வைத்தது என்று யோசித்துப் பாருங்கள்: ரத்தக் கறை படிந்த குழந்தை உடுப்பு.

டார்வின் நகரத்தில்

முதல் மரண விசாரணையை நடத்தியவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரின் மாஜிஸ்திரேட் டெனிஸ் பாரிட். 1981 பிப்ரவரி 20 அன்று அவர் முடிவை வாசித்தார், ஆஸ்திரேலியாவில் அதுவரை இல்லாத வழக்கமாக டிவியில் நேரடி ஒளிபரப்போடு. குழந்தையைக் கொன்றது டிங்கோ, பெற்றோர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, உடலையும் உடுப்பையும் பின்னால் யாரோ கையாண்டிருக்கலாம் என்றார். நாட்டில் பரவிய வதந்தியைக் கடுமையாகக் கண்டித்தார்; அதை நிறுத்தத்தான் நேரடி ஒளிபரப்பே. வதந்தி நிற்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததன் வரிசையைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் முதலில் இருந்தது, சான்று பின்னால் வந்தது. லண்டனில் ஜேம்ஸ் கேமரன் என்ற தடயவியல் பேராசிரியர் உடுப்பைப் புற ஊதா ஒளியில் பார்த்துவிட்டு, கழுத்து அறுபட்டிருக்கிறது, ரத்தம் தோய்ந்த சின்னக் கை ஒன்றின் பதிவும் தெரிகிறது என்றார். 1981 செப்டம்பரில் போலீஸ் சேம்பர்லெய்ன் வீட்டைச் சோதனை போட்டு அவர்களுடைய மஞ்சள் டொரானா காரைக் கொண்டுபோனது. ஜாய் கூல் என்ற ஆய்வக நிபுணர், காரின் டேஷ்போர்டுக்கு அடியில் ரத்தம் பீய்ச்சியடித்த தடம் இருக்கிறது, அது பச்சைக் குழந்தையின் ரத்தம் என்றார். இரண்டாவது மரண விசாரணை இருவரையும் குற்ற வழக்குக்கு அனுப்பியது.

வழக்கு நடந்தது டார்வின் நகரில். இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். 1831-ல் பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய், தன்னோடு வர விண்ணப்பித்த 22 வயது இளைஞனைக் கிட்டத்தட்ட நிராகரித்துவிட்டார். காரணம் மூக்கு. முகத்தை வைத்துக் குணம் சொல்லும் லாவட்டரின் சாஸ்திரத்தில் ஃபிட்ஸ்ராய்க்கு நம்பிக்கை. இந்த மாதிரி மூக்குக்காரனுக்கு நீண்ட பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்காது என்று நினைத்தார். நல்லவேளை, மனம் மாறினார். அந்த இளைஞன்தான் சார்லஸ் டார்வின். என் மூக்கு பொய் சொல்லிவிட்டது என்பதைக் கேப்டன் பின்னால் ஒப்புக்கொண்டிருப்பார் என்ற பொருள்பட டார்வின் தன் சுயசரிதையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 1839-ல் அதே பீகிள் கப்பல், வேறொரு கேப்டனோடு, ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு வந்தபோது அங்கிருந்த துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். லிண்டியை விசாரித்தது அந்த ஊரில்தான்.

1982 செப்டம்பரில் தொடங்கிய வழக்கு ஏழு வாரம் நடந்தது. ஒன்பது ஆண், மூன்று பெண் ஜூரிகள். லிண்டி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். அரசுத் தரப்புக் கதை இது: பீன்ஸ் டப்பா எடுக்கப் போன ஐந்து பத்து நிமிடத்தில் குழந்தையைக் காரின் முன் சீட்டில் வைத்துக் கழுத்தறுத்தார், உடலைக் கேமரா பைக்குள் ஒளித்தார், மூத்த மகனோடு ஒன்றும் நடக்காதது போல அடுப்புக்குத் திரும்பி வந்து அவனுக்குச் சோறு போட்டார். உடல் இல்லை, ஆயுதம் இல்லை. ஏன் கொன்றார் என்பதற்குக் காரணம் எதையும் நாங்கள் முன்வைக்கவில்லை என்று அரசு வழக்கறிஞர் இயன் பார்க்கரே ஜூரியிடம் சொன்னார்.

காரணம் இல்லாத கொலையை எப்படி நம்ப முடிந்தது? முகம் வந்து உட்கார்ந்தது அந்தக் காலி இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு நிதானமான ஒருத்தியால் மட்டுமே ஐந்து நிமிடத்தில் இதைச் செய்துவிட்டுத் திரும்பி வர முடியும். இவளோ நிதானமாக இருக்கிறாள். வட்டம் முடிந்துவிட்டது. சாட்சிக் கூண்டில் குழந்தையின் உடுப்பைப் பற்றிக் கேட்டபோது லிண்டி அழத்தான் செய்தார். ஆனால் பாத்திரம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால் அந்த அழுகை கணக்கில் சேரவில்லை.

நீதிபதி ஜேம்ஸ் மியூர்ஹெட்டின் தொகுப்புரை விடுதலைப் பக்கமே சாய்ந்திருந்தது என்று பலரும் கருதினார்கள். அக்டோபர் 29 அன்று ஜூரி குற்றவாளி என்றது. லிண்டிக்குக் கடுங்காவலுடன் ஆயுள் தண்டனை. மைக்கேலுக்கு உடந்தை என்று 18 மாதம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. நவம்பர் 17 அன்று, கைதியாக இருந்தபடியே லிண்டி ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். பிறந்த கையோடு அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். ஜூரி அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது வெளியே வரவில்லை. அவர்கள் ஏழு வாரம் ரத்தமும் நெசவும் பற்றிய நிபுணர் சாட்சியங்களைக் கேட்டவர்கள். முகத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொன்னார்கள் என்பது அநியாயம். மேலும், 1984-ல் ஆஸ்திரேலியாவின் ஆக உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு 3-க்கு 2 என்று தோற்றபோது அந்த ஐந்து நீதிபதிகளும் படித்தது காகிதங்களைத்தான். அப்படியென்றால் முகத்தின் பங்கு எங்கே? மேல்முறையீட்டின் மரபிலேயே இருக்கிறது. சாட்சிகளை நேரில் பார்த்துக் கேட்ட ஜூரிக்கு, யாரை நம்புவது என்பதில் நம்மை விட வசதி அதிகம் என்று மேல் நீதிமன்றங்கள் கருதி ஒதுங்கிக்கொள்வது வழக்கம். நேரில் பார்த்தது என்றால் என்ன? முகம், குரல், உட்கார்ந்திருந்த விதம். அதற்குக் கிடைத்த மதிப்பெண் 100-க்கு 54 என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

மேல்சட்டை

1986 ஜனவரியில் ஓர் ஆங்கிலேயச் சுற்றுலாப் பயணி உலுருவில் ஏறும்போது தவறி விழுந்து இறந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் அவர் உடலைத் தேடியபோது, டிங்கோ குகைகள் நிறைந்த ஒரு பகுதியில், மண்ணில் பாதி புதைந்து கிடந்தது ஒரு குழந்தையின் மேல்சட்டை. இல்லவே இல்லை என்று சொன்ன அதே சட்டை. டிங்கோ கவ்வியிருந்தால் உடுப்பில் எச்சில் தடம் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது: மேலே இந்தச் சட்டை இருந்தது. பிப்ரவரி 7 அன்று லிண்டி விடுவிக்கப்பட்டார். ஒருவர் செத்து விழாமல் போயிருந்தால் அவர் இன்னும் எத்தனை வருடம் உள்ளே இருந்திருப்பாரோ.

நீதிபதி டிரெவர் மார்லிங் தலைமையிலான அரச ஆணையம் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. டேஷ்போர்டுக்கு அடியில் பீய்ச்சியடித்த குழந்தை ரத்தம், கார் தொழிற்சாலையில் சத்தத்தைக் குறைக்க அடித்த பூச்சுக் குழம்பு. ரத்தச் சோதனைக்குப் பயன்படுத்திய ரசாயனம் செம்புத் தூசிக்கும் நிறம் மாறும்; சேம்பர்லெய்ன் குடும்பம் இருந்தது மவுண்ட் ஐசா, செம்புச் சுரங்க ஊர். சோதனைத் தட்டுகளை மறுபடி பார்க்கலாம் என்றால் ஆய்வகம் அவற்றை வழக்கம்போல அழித்துவிட்டிருந்தது. கை பதிந்த ரத்தம் என்று சொன்னதில் பெரும்பகுதி செம்மண். டிங்கோவின் பல் துணியை இப்படிக் கத்தரித்தது போல வெட்டாது என்ற கூற்றையும் சோதனை செய்து உடைத்தார்கள், வெட்டும்.

தடம் பார்த்த அனங்கு மக்கள் இந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். முதல் நாள் காலையில் சொன்னதையேதான் சொன்னார்கள்.

1988 செப்டம்பர் 15 அன்று இருவர் மீதான தண்டனைத் தீர்ப்பும் ரத்தானது. 1992-ல் 13 லட்சம் டாலர் இழப்பீடு. 1995-ல் மூன்றாவது மரண விசாரணை, இறப்புக்கான காரணம் தெரியவில்லை என்று முடிவைத் திறந்தே வைத்தது. 2012 ஜூன் 12 அன்று, அசாரியா உயிரோடு இருந்திருந்தால் 32-வது பிறந்தநாளுக்கு மறுநாள், நான்காவது விசாரணையில் எலிசபெத் மாரிஸ் டிங்கோதான் என்று பதிவு செய்தார். வாசிக்கும்போது அவர் குரல் உடைந்தது. அதைப் பார்த்த யாரும் அவர் நடிக்கிறார் என்று சொல்லவில்லை.

இந்த வருடங்களில் லிண்டிக்கு முகம் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்கள் சுமார் 20,000 தேசிய நூலகத்தில் இருக்கின்றன. திட்டியவை, பிரார்த்தித்தவை, வருடங்கள் கழித்து மன்னிப்புக் கேட்டவை. முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு மனிதருக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அளக்க அதை விட நல்ல இடம் இருக்குமா என்று தெரியவில்லை.

குதிரையும் வேனும்

இதே உயர் நீதிமன்றத்துக்கு 2003-ல் ஒரு சாதாரண விபத்து வழக்கு வந்தது. நியூ சவுத் வேல்ஸின் ஒரு கிராமப்புறச் சாலையில் குதிரையில் வந்த ஒருவரும் வேனில் வந்த ஒருவரும் மோதிக்கொண்டார்கள். யார் தவறான பக்கத்தில் வந்தது? கீழ் நீதிமன்ற நீதிபதி சாட்சிகளை நேரில் பார்த்துக் கேட்டு, குதிரைக்காரர் தரப்பு நம்பும்படி இருக்கிறது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்தத் தீர்ப்பு நிற்காது என்றது உயர் நீதிமன்றம். தோற்றத்தையும் நடத்தையையும் பார்த்து உண்மை பொய்யைச் சரியாகப் பிரிக்க நீதிபதிகளாலோ வேறு யாராலுமோ முடியுமா என்பதை அறிவியல் ஆய்வுகள் சந்தேகத்துக்குள்ளாக்கியிருக்கின்றன என்று அந்தத் தீர்ப்பில் எழுதி வைத்தது. லிண்டியின் மேல்முறையீடு தோற்று அப்போது 19 ஆண்டு ஆகியிருந்தது.

அந்த வழக்கு எதை வைத்து முடிவானது என்றால், வேனின் டயர் தேய்ந்து சாலையில் விழுந்த தடம். அது வேன் வர வேண்டிய பக்கத்திலேயே இருந்தது.